அமிகாவுக்கு எத்தனை குழு வேண்டும்? சிங்கப்பூரிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

“அண்ணே, ஏ1200-ல சத்தம் ரொம்பக் கம்மியா வருது, படமும் மங்கலா இருக்கு. என்ன பாக்கணும்?”

ஏ1200 என்பது அமிகா என்ற பழைய வீட்டுக் கணினியின் ஒரு மாடல். சிங்கப்பூரில் அமிகா கணினி வைத்திருக்கும் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும். பதிலும் வரும்: கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சின்னப் பாகம்) கசிந்திருக்கும், கழற்றி மாற்றுங்கள். அதன் மேல் தீபாவளி வாழ்த்துகள், தேக்காவில் புதிதாகத் திறந்த கடையைப் பற்றிய பேச்சு, விற்பனைக்கு ஒரு மானிட்டர், யாரோ அனுப்பிய யூடியூப் சுட்டி என்று வரிசையாக வந்து விழும். கொஞ்ச நாளில் இன்னொருவர் வீவக அடுக்குமாடி வீட்டின் ஷெல்ட்டரிலிருந்து (சாமான் அறையாகிவிட்ட பாதுகாப்பு அறை) ஒரு ஏ1200-ஐ வெளியே எடுப்பார். அதே கேள்வி. போன முறை விளக்கமாகப் பதில் சொன்னவர் இந்த முறை வாய் திறக்கமாட்டார். பதில் தெரிந்தவர்கள் குழுவில் பலர் இருந்தார்கள். சொன்ன பதிலைத் திரும்ப எடுக்கத்தான் வழியில்லை.

அமிகா 1985 ஜூலையில் நியூயார்க்கில் அறிமுகமானது. ஏ500 1987-இல் வந்தது, ஏ1200 1992-இல். 1994 ஏப்ரல் 29 அன்று, அதைத் தயாரித்த கொமடோர் நிறுவனம் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. அதற்குப் பிறகு இந்தக் கணினிக்கு சர்வீஸ் சென்டர் என்றால் பயனர் குழுதான். குழுவில் பேச்சு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது வெறும் நிர்வாக விஷயமாக இங்கே நிற்பதில்லை. தவறான நேரத்தில் தவறான பதில் கைக்குக் கிடைத்தால் ஒரு போர்டு, அதாவது கணினியின் சுற்றுப்பலகை, போய்விடும்.

குழுவில் இருப்பவர்கள் மூன்று வகை. எண்பதுகளின் கடைசியில் இங்கேயே ஏ500 வாங்கி விளையாடி, இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஐடி வேலைக்கு வந்து, சின்ன வயதில் அமிகாவைக் கண்ணால்கூடப் பார்க்காமல், இப்போது ஆசைப்பட்டு வாங்குபவர்கள். ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு வார இறுதியில் பாலம் தாண்டி வருபவர்கள். முதல் வகைக்குக் கணினி தெரியும், சால்டரிங் (பாகங்களை உருக்கிப் பற்றவைப்பது) தெரியாது. இரண்டாம் வகைக்கு நேர் எதிர். ஆகவே கேள்வியும் பதிலும் எப்போதும் குறுக்கும் நெடுக்குமாகத்தான் போகும்.

முதல் பிரிப்பு ஏன் நிற்கவில்லை

குழு இரைச்சலாகிவிட்டது என்று முதலில் செய்தது, எல்லோரும் செய்வதைத்தான்: தலைப்பு வாரியாக உடைத்தார்கள். ஹார்டுவேருக்கு ஒன்று, கேம்ஸுக்கு ஒன்று, புரோகிராமிங்குக்கு ஒன்று, விற்பனைக்கு ஒன்று, அரட்டைக்குப் பழைய பெரிய குழு. தாளில் பார்க்க அழகாக இருந்தது. புதியவற்றில் விற்பனைக் குழு மட்டும் தாக்குப்பிடித்தது; மற்றவை ஒவ்வொன்றாக அடங்கின.

காரணம் சிம்பிள். சின்னச் சமூகத்தில் ஹார்டுவேர் கேள்விக்குப் பதில் சொல்பவரும் புரோகிராமிங் கேள்விக்குப் பதில் சொல்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள். அவர் ஐந்து குழுவைத் திறந்து பார்க்கமாட்டார். சத்தம் அதிகமாக இருக்கும் குழுவைத்தான் பார்ப்பார். அமைதியான குழுவில் கேட்டவருக்குப் பதில் வராது. ஒரு நாள் பொறுத்துவிட்டு அதே கேள்வியைப் பெரிய குழுவில் போடுவார், பத்து நிமிடத்தில் பதில் வரும். அத்தோடு அவரும் அமைதியான குழுவுக்குத் திரும்பிப் போகமாட்டார். இப்படி ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கிளை காய்ந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல்: தன் கேள்வி எந்தத் தலைப்பில் சேரும் என்பது கேட்பவருக்கே தெரியாது. ஏ500-இல் ஓடிய ஒரு விளையாட்டு ஏ1200-இல் கறுப்புத் திரையோடு நிற்கிறது. இது கேம்ஸ் கேள்வியா? கிக்ஸ்டார்ட் என்ற, ரோம் சிப்பில் பதிந்த தொடக்க மென்பொருளின் 1.3 பதிப்பை நம்பி எழுதிய விளையாட்டு புதிய ரோமில் விழுந்திருக்கலாம்; அப்போது மருந்து, பழைய விளையாட்டுகளை வன்தட்டிலிருந்து ஓடவைக்கும் டபிள்யூஎச்டிலோடு மென்பொருள். டிரைவ் தலை அழுக்காக இருக்கலாம். பவர் சப்ளை ஐந்து வோல்ட்டைச் சரியாகத் தராமல் இருக்கலாம். பதில் தெரிந்தபிறகுதான் தலைப்பு தெரியும். கேட்கும்போதே தலைப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது நோயாளியையே எந்த டாக்டர் என்று முடிவுசெய்யச் சொல்வது போல.

அமிகாவுக்கு இது பழைய வியாதி. யூஸ்நெட் (இணையதளங்களுக்கு முந்தைய பொது விவாதக் குழுக்களின் வலையமைப்பு) காலத்தில் அதற்கு முதலில் இருந்தது நெட்.மைக்ரோ.அமிகா என்ற ஒரே குழு. 1986–87-இல் யூஸ்நெட் முழுவதற்கும் பெயர் மாற்றியபோது காம்ப்.சிஸ்.அமிகா ஆனது. கூட்டம் பெருகியதும் 1990களின் தொடக்கத்தில் ஹார்டுவேர், புரோகிராமர், கேம்ஸ், கிராபிக்ஸ், ஆடியோ, மார்க்கெட்பிளேஸ், அட்வகசி, இதர என்று பல கிளைகளாகப் பிரிந்தது. அன்று புதுக் குழு திறப்பது லேசுப்பட்ட காரியமில்லை. முதலில் பொதுவில் விவாதம், பிறகு வாக்கெடுப்பு. எதிர்ப்பைவிட ஆதரவு குறைந்தது 100 வாக்கு கூடுதலாக இருக்க வேண்டும். பதிவான வாக்கில் மூன்றில் இரண்டு பங்கும் தேற வேண்டும். நூறு பேருக்கு மேல் அக்கறை இல்லாத தலைப்புக்கு வாசல் திறக்காது. இன்று வாட்ஸ்அப்பில் விரலால் நாலு தட்டுத் தட்டினால் குழு தயார். அந்தப் பழைய தடையின் அருமை இப்போதுதான் தெரிகிறது.

அந்தக் கிளைகளில் இரண்டைக் கவனிக்க வேண்டும்: மார்க்கெட்பிளேஸ், அட்வகசி. முதலாவது, வாங்கல் விற்றல். இரண்டாவது, அமிகா பெரிதா அட்டாரி பெரிதா பிசி பெரிதா என்ற முடிவில்லாச் சண்டைக்கு ஒதுக்கிய மைதானம். இரண்டுமே தொழில்நுட்பத் தலைப்புகள் அல்ல. மற்றவர்கள் காலில் சிக்காமல் இருக்க ஒதுக்கப்பட்டவை. நல்ல பிரிப்பு என்று சொன்னால் அவற்றைத்தான் சொல்ல வேண்டும். 1994-க்குப் பிறகு ஆள் குறைந்தபோது தொழில்நுட்பக் கிளைகளில் ஒரே கேள்வியை மூன்று நான்கு இடங்களில் சேர்த்துப் போடும் பழக்கம்தான் மிஞ்சியது. ஆள் கூடும்போது பிரிக்க விதி இருந்தது. ஆள் குறையும்போது சேர்க்கும் வழக்கம் வேரூன்றவே இல்லை.

பதில் எத்தனை நாள் உயிரோடிருக்கும்?

இரண்டாம் முறை தலைப்பைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். ஒரு செய்தி எவ்வளவு காலம் பயன்படும் என்பதை மட்டும் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். பெரிய குழுவில் ஒரு மாதத்துச் செய்திகளை விரிதாளில் இறக்கி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்றில் ஒன்றைக் குறிப்பது: இன்றோடு முடிவது, சில வாரத்தில் முடிவது, ஆண்டுக்கணக்கில் நிற்பது. வாழ்த்து, அரட்டை, “இன்னைக்கு யாரு சிம் லிம் டவர் போறீங்க” (மின்னணுப் பாகங்கள் விற்கும் கடைத்தொகுதி) எல்லாம் முதல் வகை. விற்பனை, கூட்டாகப் பொருள் தருவிப்பது, சந்திப்பு அறிவிப்பு இரண்டாம் வகை. கெப்பாசிட்டர், பேட்டரி, பவர் சப்ளை, வன்தட்டுக்குப் பதிலாகப் போடும் சிஎஃப் மெமரி கார்டு அமைப்பு மூன்றாம் வகை. இந்தக் குறியிடலை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்து ஒப்பிட வேண்டும். இருவரும் ஒத்துப்போகாத வரிகள்தான் உபயோகமானவை. பெரும்பாலும் அவை அரட்டைக்குள் ஒளிந்திருக்கும் நல்ல பதில்கள்.

இதிலிருந்து வந்த அமைப்பு மூன்று இடங்கள், அவ்வளவுதான். அரட்டை வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும். அங்கிருந்து யாரையும் பெயர்க்க முயலவில்லை, அது சரியான முடிவு. மூத்தவர்கள் புதுச் செயலிக்கு வரமாட்டார்கள், வந்தாலும் ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள். கேள்விக்கும் விற்பனைக்கும் டெலிகிராமில் ஒரு குழு. நீண்டகாலப் பதில்களுக்கு வெறும் எழுத்துக் கோப்புகள் கொண்ட ஒரு களஞ்சியம்.

கேள்வியை டெலிகிராமுக்குக் கொண்டுபோனதற்குக் காரணங்கள் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய தொலைபேசி எண்ணும் எல்லோருக்கும் தெரியும். டெலிகிராமில் பயனர்பெயரை வைத்துக்கொண்டு எண்ணை மறைக்கலாம். டெலிகிராமில் புதிதாகச் சேருபவருக்குப் பழைய செய்திகள் முழுவதையும் காட்டலாம். இந்த அமைப்பை அட்மின் முதலிலேயே திறந்துவைக்க வேண்டும், இல்லையென்றால் மறைந்தே இருக்கும். 2022 நவம்பரிலிருந்து ஒரே குழுவுக்குள் தலைப்புகளைப் பிரிக்கும் வசதியும் இருக்கிறது. வாட்ஸ்அப்பின் கம்யூனிட்டி வசதியும் பரிசீலனைக்கு வந்தது. ஆனால் அது பல குழுக்களை ஒரு கூரையின்கீழ் வைப்பதுதான், கிளை காயும் பழைய கதை அங்கேயும் தொடரும்.

டெலிகிராமில் தலைப்புகள் மூன்றே மூன்று: கேள்வி, விற்பனை, அறிவிப்பு. இங்கே ஒரு நுணுக்கம். தலைப்பு வசதியை இயக்கியதும் பழைய செய்தி எல்லாம் பொதுத் தலைப்பில் போய் விழும். அந்தத் தலைப்பை அழிக்க முடியாது, பெயர் மாற்றலாம். பல குழுக்கள் அதை அரட்டைக்கு விட்டுவிட்டு, கேள்விக்குத் தனியாக ஒன்று திறக்கின்றன. அது தவறு. சில உறுப்பினர்கள் தலைப்பு வாரியாகப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாகப் பார்க்கும் முறைக்கு மாற்றிக்கொள்வார்கள். அவர்கள் யாருக்கும் பதிலாக இல்லாமல் புதிதாக எழுதுவது நேராகப் பொதுத் தலைப்புக்குத்தான் போகும். ஆகவே பொதுத் தலைப்பையே “கேள்வி” என்று பெயர் மாற்றிவிட்டால், வழி தவறி வருவதும் சரியான இடத்தில்தான் விழும். அறிவிப்புத் தலைப்பை மூடி வைத்துவிட்டால் அட்மின்கள் மட்டும் எழுத முடியும்.

ஒரு தலைப்பில் தவறாக விழுந்த செய்தியை இன்னொன்றுக்கு இழுத்துப்போட வழியில்லை என்பதையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. முன்அனுப்பிவிட்டுப் பழையதை அழிக்க வேண்டும், தேதியும் மாறிவிடும். தலைப்பைக் குறைவாக வைப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

பழைய பேச்சை இறக்குவது

வாட்ஸ்அப்பில் இருந்த பல ஆண்டுப் பேச்சைக் களஞ்சியத்துக்கு மாற்றுவதுதான் அதிக உழைப்பு கேட்டது. எக்ஸ்போர்ட் செய்யும்போது படங்களோடு என்றால் கடைசி 10,000 செய்திகள், படங்கள் இல்லாமல் என்றால் 40,000 வரைதான் கிடைக்கும். அதுவும் எக்ஸ்போர்ட் செய்பவருடைய போனில் இருப்பது மட்டும். தொடக்கத்திலிருந்து இருப்பவர், இடையில் போன் மாற்றும்போது பேக்கப்பை விடாதவர், அந்த இரண்டும் பொருந்தும் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒருவருக்கு இருவராக எடுத்து ஒப்பிட்டால் ஓட்டைகள் அடைபடும். ஆண்ட்ராய்டு கோப்பும் ஐபோன் கோப்பும் தேதியை வேறுவேறு விதமாக எழுதும். இணைக்கும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால் வரிசை கலைந்துவிடும்.

பெரிய இழப்பு இன்னொன்று. எக்ஸ்போர்ட் கோப்பில் எந்தச் செய்தி எந்தச் செய்திக்குப் பதில் என்ற தொடர்பு வராது. குழுவில் யாரோ ஒரு படத்தைச் சுட்டி “இதத்தான் மாத்தணும்” என்று எழுதியிருப்பார். கோப்பில் மிஞ்சுவது “இதத்தான் மாத்தணும்” மட்டும். எதை? மேலே எட்டு வரி தள்ளி இரண்டு பேர் இரண்டு போர்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். இப்படிப்பட்ட வரிகளை ஊகித்து நிரப்பக் கூடாது என்று குழு கறாராக இருந்தது. எழுதியவரிடமே போனை எடுத்துப் பார்க்கச் சொல்வது, அவருக்கும் நினைவில்லை என்றால் அந்தப் பதிலை விட்டுவிடுவது. ஊகித்து எழுதிய பழுதுபார்ப்புக் குறிப்பைவிடக் குறிப்பே இல்லாதது மேல்.

படங்களில் இன்னொரு தொல்லை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். போர்டில் அச்சிட்ட கெப்பாசிட்டர் எண் அதில் புகையாகத் தெரியும். நாளான படம் போனில் இறங்காமல் இருந்தால் பிறகு இறங்கவே இறங்காது; அனுப்பியவரிடம் மறுபடி கேட்கச் சொல்லும். புதிய அமைப்பில் போர்டுப் படம் எதுவானாலும் கோப்பாகத்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி.

சொந்தப் பதிலைக் களஞ்சியத்தில் வைக்க எழுதியவரின் சம்மதம் வாங்கினார்கள், தொலைபேசி எண்களை நீக்கினார்கள். சிங்கப்பூரின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் தனிமனிதர் சொந்த முறையில் செய்வதைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இது மரியாதை.

களஞ்சியம், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் முறையில் வைத்த மார்க்டவுன் (எளிய குறிகள் கொண்ட எழுத்து) கோப்புகள். ஆடம்பரமான விக்கி மென்பொருள் வேண்டாம் என்றார்கள். யாஹூ குரூப்ஸில் குவிந்திருந்த உள்ளடக்கம் 2019 டிசம்பரில் அழிக்கப்பட்டது, 2020 டிசம்பரில் சேவையே மூடப்பட்டது. பழைய கணினிச் சமூகங்கள் பல அங்கேதான் குடியிருந்தன. வெறும் எழுத்துக் கோப்பு என்றால் மூன்று பேர் கணினியில் முழுப் பிரதி இருக்கும், ஒரு பென்டிரைவிலும் அடங்கும்.

ஒரு பக்கம் எப்படி இருக்க வேண்டும்

பக்கத்தின் தலைப்பில் பாகத்தின் பெயர் வராது. கேட்பவர் கண்ணில் படும் அறிகுறிதான் வரும். “ஏ1200: சத்தம் கம்மி, படம் மங்கல்” என்றுதான் இருக்கும். கெப்பாசிட்டர் என்று தெரிந்தவர் எதற்குத் தேடப்போகிறார்?

உள்ளே முதல் பத்தி, கரன்ட் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது. ஏ500 பிளஸ், ஏ2000, ஏ3000, ஏ4000 என்றால் போர்டிலேயே 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி இருக்கும். ஏ500-இன் மெமரி விரிவாக்க அட்டையிலும் உண்டு. கசிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் முதலில் வெட்டி எடுத்துவிட வேண்டும். கசிவு காரத்தன்மை கொண்டது. வெள்ளை வினிகரால் துடைத்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவி, கடைசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால். சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் இதைத் தள்ளிப்போட முடியாது. கதவடைத்த ஷெல்ட்டரில் ஆண்டுக்கணக்கில் கிடந்த போர்டில் பேட்டரிக்குப் பக்கத்துத் தடங்கள் பச்சை பூத்திருக்கும்.

அடுத்தது பவர் சப்ளை. இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து வாங்கிய ஏ500-இன் பவர் சப்ளை அந்நாட்டு 120 வோல்ட்டுக்குச் செய்தது. பிளக்கை மட்டும் மாற்றும் அடாப்டர் வோல்ட்டேஜை மாற்றாது. ஐடி ஆட்கள் இதில் ஏமாறுவது உண்டு, ஏனென்றால் லேப்டாப் சார்ஜர் எந்த நாட்டிலும் வேலை செய்து பழகிவிட்டது. உள்ளூர்ப் பவர் சப்ளையாக இருந்தாலும் பழையது பழையதுதான். மீட்டர் வைத்து ஐந்து வோல்ட் சரியாக வருகிறதா என்று பார்த்தபிறகுதான் போர்டில் மாட்ட வேண்டும்.

அதன்பிறகு கெப்பாசிட்டர். ஏ600, ஏ1200, ஏ4000, சிடி32 ஆகியவற்றில் இருக்கும் மேற்பரப்பு ஒட்டு அலுமினிய கெப்பாசிட்டர்கள் கசியும். கசிந்த இடத்தில் சால்டர் பளபளப்பு இழந்து சாம்பல் நிறமாகும். சூடான சால்டரிங் இரும்பு பட்டதும் மீன் வாடை வரும். பிடுங்கி எடுத்தால் கீழே உள்ள பேட் (பாகம் ஒட்டியிருக்கும் செப்புத் திட்டு) கூடவே வந்துவிடும், குறிப்பாக கசிவு அரித்த இடத்தில். முதலில் புதுச் சால்டர் கொஞ்சம் சேர்த்துப் பழையதை இளக வைத்து, இரண்டு இரும்பை இரு பக்கமும் வைத்துத் தூக்குவது பாதுகாப்பு. பாகங்கள் சிம் லிம் டவரில் கிடைக்கும். வோல்ட் அளவு பழையதைவிடக் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

இங்கேதான் பக்கத்தின் நடுவே சிவப்பு எழுத்து வருகிறது. அலுமினிய கெப்பாசிட்டரின் தலையில் உள்ள கறுப்புக் குறி எதிர்மறை முனை. டான்டலம் கெப்பாசிட்டரில் உள்ள கோடு நேர்மறை முனை. ஒன்றைக் கழற்றிவிட்டு அதே பக்கம் கோடு வரும்படி மற்றதை வைத்தால் தலைகீழ். டான்டலம் புகைந்து வெடிக்கும். போதாததற்கு, ஏ4000-இன் ஏ3640 பிராசசர் அட்டையில் சி105, சி106, சி107 மூன்றுக்கும் போர்டில் அச்சிட்ட குறியே தவறு. அச்சை நம்பி வைத்தால் தலைகீழாகப் போகும். ஆலையிலேயே அப்படித்தான் வைத்தார்கள், ஆகவே “பழையது இருந்த மாதிரியே வை” என்ற பொது அறிவுரையும் இங்கே உதவாது. வாட்ஸ்அப் ஓட்டத்தில் இந்த விவரம் வந்தது, யாரோ கட்டைவிரல் உயர்த்தினார்கள், அடுத்த நாள் வாழ்த்துப் படங்களுக்கு அடியில் போய்விட்டது. ஆயுள் நீண்ட பதில் என்றால் இதுதான்.

ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் தேடலுக்கென்றே ஒரு வரி. கெப்பாசிட்டர், கெபாசிட்டர், மின்தேக்கி, பிறகு ஆங்கில எழுத்தில் ஆட்கள் தமிழைத் தட்டச்சு செய்யும் விதங்கள் எல்லாம் அதில் இருக்கும். பார்க்க அசிங்கம். ஆனால் அந்த வரி இல்லாத பக்கங்கள் யாருக்கும் தேடலில் அகப்படவில்லை.

கிக்ஸ்டார்ட் ரோம் கோப்புகளைக் களஞ்சியத்திலும் குழுவிலும் போட அனுமதி இல்லை. காப்புரிமை இன்னும் உயிரோடிருக்கிறது. குளோன்டோ நிறுவனம் அமிகா ஃபாரெவர் என்ற பெயரில் முறையாக விற்கிறது. இந்த ஒரு விஷயத்தில் அட்மின்கள் கெட்ட பெயர் வாங்கத் தயாராக இருக்க வேண்டும்.

விற்பனை

விற்பனைப் பதிவு 14 நாள்தான். டெலிகிராமில் தானாக அழிக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அது குழு முழுமைக்கும் சேர்த்துத்தான். ஒரு தலைப்புக்கு மட்டும் வைக்க முடியாது. இது தெரியாமல் இயக்கினால் கேள்வியும் பதிலும் சேர்ந்து அழியும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒருவர் உட்கார்ந்து கையால்தான் களைய வேண்டியிருக்கிறது.

“வேலை செய்கிறது” என்று எழுதினால் படம் வேண்டும்: கணினி இயங்கித் திரையில் தெரிவது, பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய தாள். ஏ500 என்றால் வட்டைப் பிடித்த கை தெரியும் கிக்ஸ்டார்ட் திரையே போதும். பேட்டரி எடுக்கப்பட்டதா, கெப்பாசிட்டர் மாற்றப்பட்டதா என்று ஆம் இல்லை சொல்ல வேண்டும். “சோதிக்கவில்லை” என்றால் கெட்டுப்போனது என்று வைத்துக்கொண்டு விலை பேசுவது குழுவின் எழுதாத விதி. விலை வெள்ளியா ரிங்கிட்டா என்று குறிப்பிடாமல் ஜொகூர் உறுப்பினர்களோடு ஏற்பட்ட மனக்கசப்புக்குப் பிறகு அது எழுதிய விதியாகிவிட்டது.

பொருளைக் கையில் பார்த்தபிறகு பேநவ் வழியாகப் பணம். எம்ஆர்டி ரயில் நிலையக் கேட்டருகே சந்திப்பது, பழைய பொருள் விற்கும் கரோசல் செயலிப் பழக்கத்தால் எல்லோருக்கும் இயல்பாக வருகிறது. டெலிகிராமுக்கு மாறியதும் அட்மின் படத்தைத் திருடிவைத்துக்கொண்டு உறுப்பினர்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பும் போலிக் கணக்குகள் முளைக்கும். எந்தக் குழுவும் இதற்குத் தப்பாது. “அட்மின் ஒருபோதும் முதலில் தனிச்செய்தி அனுப்பமாட்டார்” என்ற வரி விற்பனைத் தலைப்பில் மேலே பின் செய்யப்பட்டிருக்கிறது, கூடவே மோசடி பற்றி விசாரிக்கும் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799.

மாற்றத்துக்குப் பிறகு

கேள்வி கேட்க ஒரு படிவம் வைத்தார்கள்: மாடல், போர்டு ரிவிஷன், எந்த நாட்டுப் பவர் சப்ளை, கடைசியாக எதை மாற்றினீர்கள், படம் கோப்பாக. ரிவிஷன் முக்கியம், ஏ1200-இன் 1டி4 போர்டிலும் 2பி போர்டிலும் சில ஆக்சிலரேட்டர் (வேகம் கூட்டும்) அட்டைகள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. முதலில் பத்து கேள்வி இருந்தது. ஆட்கள் படிவத்தைப் பார்த்ததும் வாட்ஸ்அப்புக்கே ஓடினார்கள். ஐந்தாகக் குறைத்தபிறகு நிரப்புகிறார்கள்.

வாட்ஸ்அப்பில் இன்னும் கேள்வி வரத்தான் செய்யும். அங்கே விரிவான பதில் சொல்லாமல் சுட்டி மட்டும் கொடுப்பது என்று முடிவு. இது சிலருக்கு முகத்திலடித்தது போலிருந்தது; பெரியவர் ஒருவர் கேட்கும்போது வெறும் சுட்டியைப் போடுவது நம் பழக்கத்துக்குச் சரிவராது. “வாங்க அண்ணே, படத்தோட இங்க இருக்கு, பேட்டரிய மட்டும் மொதல்ல எடுத்துருங்க” என்று ஒரு வரி சேர்த்ததும் முறுக்கு தளர்ந்தது. அந்த ஒரு வரியில் ஆபத்தான விஷயம் எது என்பதைச் சொல்லிவிடுவதும் நல்லது, சுட்டியைத் திறக்காதவர்கள்தான் அதிகம்.

டெலிகிராமில் தீர்ந்த கேள்வியைக் களஞ்சியத்துக்கு யார் மாற்றுவது என்பதுதான் இன்றும் இடறும் இடம். பதில் சொன்னவரே எழுத வேண்டும் என்றால் பதில் சொல்வதே குறையும். கேட்டவர் எழுத வேண்டும் என்று வைத்தார்கள்: உங்கள் போர்டு பிழைத்துவிட்டது, என்ன செய்தீர்கள் என்று பத்து வரி எழுதிக் கொடுங்கள், பதில் சொன்னவர் ஒரு முறை திருத்துவார். புதியவருடைய கண்ணோட்டத்தில் எழுதப்படுவதால் படிகளும் விடுபடுவதில்லை. எல்லோரும் எழுதுவதில்லை. எழுதாதவருக்கு அடுத்த முறை யாரும் பதில் மறுப்பதும் இல்லை.

புதுத் தலைப்பு கேட்பவர்களுக்கு ஒரு நிபந்தனை: அந்தப் பொருளில் மூன்று மாதத்துக்கு வாரம் ஐந்து கேள்வியாவது வந்திருக்க வேண்டும், பதில் சொல்பவர்களில் குறைந்தது மூன்று பேர் அங்கே இருக்கச் சம்மதிக்க வேண்டும். 90 நாள் ஓசையில்லாத தலைப்பு மூடப்பட்டுக் கேள்வியோடு சேர்க்கப்படும். எமுலேட்டருக்கு (புதிய கணினியில் அமிகாவைப் போல நடிக்கும் மென்பொருள்) தனித் தலைப்பு கேட்டு வந்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு அவர்களாகவே விட்டுவிட்டார்கள்.

கடைசியாகச் சரிசெய்தது உரிமை மாற்றம். டெலிகிராம் குழுவின் உரிமையாளர் ஒருவரே. அவர் நீண்ட நாள் உள்ளே வராமல் இருந்தால் அவருடைய கணக்கே தானாக அழிந்துவிடக்கூடும். உரிமையை இன்னொருவருக்கு மாற்ற அவருடைய கணக்கில் இரட்டைச் சரிபார்ப்புக் கடவுச்சொல் 7 நாளுக்கு முன்பே போடப்பட்டிருக்க வேண்டும், மாற்றும் கருவியில் குறைந்தது 24 மணி நேரமாக உள்நுழைந்திருக்க வேண்டும். அவசரத்தில் செய்ய முடியாத வேலை. ஆகவே உரிமையாளரின் கணக்கில் அந்தக் கடவுச்சொல் முன்கூட்டியே போடப்பட்டது. அடுத்த உரிமையாளரின் பெயரும் அறிவிப்புத் தலைப்பில் பின் செய்யப்பட்டிருக்கிறது.